சிவப்புச் சட்டைக்காரர் தலையில் மசால் தோசை

வாணி,

வரும் திங்கட்கிழமை காலை நீ நர்ஸ் வேலைக்குக் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறாய். உன் அம்மா மூன்று நாளாக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். மாவடு ஒரு பாட்டில், பருப்புப் பொடி ஒரு டப்பா, நீ வேண்டாம் என்று எடுத்து வைத்த பழைய போர்வை மறுபடியும் பைக்குள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்து, "எதிர்ல இருக்கிற பொண்ணுக்கு எதுக்குங்க லெட்டரு, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே" என்கிறாள். இருபத்தாறு வருஷமாக ஹோட்டலில் நாளெல்லாம் வாயைத் திறந்து பேசுகிறவன்தான் நான். யாரென்றே தெரியாத ஆளிடம் "என்னா சாப்புடறீங்க சார்" என்று கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பெற்ற பெண்ணிடம் "அன்றைக்கு நான் செய்தது தப்பு" என்று சொல்லத்தான் ஏழு வருஷமாக வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். இதிலும் அது கொஞ்சம் இருக்கும். ஆனால் அந்தப் புத்தியில் பாதி நீ எனக்குச் சொன்னதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிதம்பரம் மேலவீதி ஹோட்டலில் சப்ளையராக நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் எட்டுப் பேரும் ஆளுக்கொன்று கேட்டாலும், கையில் பேப்பர் பென்சில் இல்லாமல் உள்ளே போய் மாஸ்டரிடம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, தட்டு வந்ததும் ஆள் மாறாமல் வைப்பேன். வாசல் பக்கம் முதல் ஆள் பொங்கல், அடுத்தவர் ரெண்டு இட்லி ஒரு வடை, மூன்றாமவர் ஊத்தப்பம் என்று உட்கார்ந்த வரிசைப்படி தலைக்குள் அடுக்கிக்கொள்வேன். கோர்ட்டுக்கு வரும் வக்கீல்கள் வேண்டுமென்றே ஆளாளுக்கு மாற்றிச் சொல்லி என்னைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு நாளும் தோற்றதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் பட்டம், அதுதான் பதவி. உன் அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அப்படிப்பட்ட என் வீட்டில், எட்டு வரிச் செய்யுளை நாலு நாள் படித்தும் ஐந்தாவது வரியில் நிற்கிற ஒரு பெண். நீ மக்கு என்று நான் நினைக்கவில்லை வாணி. நீ முயற்சி செய்யவில்லை என்று நினைத்தேன். அது அதைவிட மோசம்.

காலை ஐந்து மணிக்கு எழுப்பி, கையில் புத்தகத்தைக் கொடுத்து, வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கவிட்டு, உரக்கச் சொல்லிச் சொல்லிப் படிக்க வைத்தேன். நடந்தாய், சொன்னாய், பள்ளிக்கூடம் போவதற்குள் மறந்தாய். நீ ஒன்பதாவது படித்த 2005ஆம் வருஷம், காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், உன் பையில் அந்த நோட்டைப் பார்த்தேன். அறிவியல் என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே முழுக்கப் பொம்மை. டி என்ற இங்கிலீஷ் எழுத்துக்குத் தலையும் கையும் வைத்து, கால் இரண்டையும் வில் மாதிரி வளைத்து ஒரு பையன். பி என்ற எழுத்தின் இரண்டு வயிறும் உப்பிப்போய், நடக்க முடியாமல் கம்பு ஊன்றிய ஒரு ஆள். ஏணி மாதிரி நிற்கும் ஏ எழுத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் கண் தெரியாமல் போய் முட்டிக்கொள்ளும் ஒரு கோழி. எந்த வைட்டமின் குறைந்தால் எந்த நோய் வரும் என்பதற்கு நீ போட்ட கணக்கு அது. டி குறைந்தால் கால் வளையும், பி குறைந்தால் கால் வீங்கும், ஏ குறைந்தால் மாலைக்கண். இன்றைக்கு என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் கோபத்தோடு பார்த்த படங்கள். அது ஒன்றே போதும் நீ செய்தது சரி என்று நிரூபிக்க.

அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. படிக்கச் சொன்னால் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் பட்டது. "அத்தப் பாத்தாதான்ப்பா எனக்கு ஞாபகம் வரும்" என்றாய். "குறுக்கு வழியில போயி பாஸ் பண்ணப் போறியா" என்று கேட்டு, கன்னத்தில் ஒன்று வைத்து, நோட்டை இரண்டாகக் கிழித்து, அந்த இரண்டையும் நாலாகக் கிழித்தேன். காலாண்டில் உனக்கு அறிவியலில் இருபத்தேழு. பாடத்தைச் சேர்த்து வைத்திருந்த இடத்தையே கிழித்துப் போட்டுவிட்டு, ஏன் பாடம் வரவில்லை என்று கேட்டு மறுபடியும் திட்டினேன். உன் அம்மா அன்று என்னோடு பேசவில்லை. நீயும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஆவணியில் கடலூர் முதுநகரில் உன் மாமன் வீட்டுக் காதுகுத்து. நீயும் அம்மாவும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டீர்கள். நான் காலை வேலையை முடித்துவிட்டு மொபெட்டில் வந்தேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அப்புறம் தலையில் அடிபட்டுப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். டாக்டர் உன் மாமனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அவன் என்னிடம் மறைக்கவில்லை. "மாமா, பழசெல்லாம் அப்டியே இருக்குமாம். புதுசா கேக்கறதுதான் கொஞ்ச நாளைக்கு நிக்காதாம்." எத்தனை நாளைக்கு என்றேன். "அத்தச் சொல்ல முடியாதாம் மாமா. முழுசா வருமான்னும் சொல்ல முடியாதாம்."

அதன் பொருள் எனக்கு ஹோட்டலில்தான் புரிந்தது. திரும்பப் போன முதல் நாள், நாலு பேர் மேஜை. நாலு பேரும் சொன்னது காதில் தெளிவாக விழுந்தது. தலையாட்டினேன். சமையல்கட்டுக்குப் பத்து அடிதான். உள்ளே போய் மாஸ்டர் முகத்தைப் பார்த்தால், ஈரத்துணியால் பலகையைத் துடைத்தது மாதிரி ஒன்றுமே இல்லை. எதையோ சொன்னேன். எதுவோ வந்தது. எதையோ வைத்தேன். எழுதிப் பார்த்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எழுதினேன். கூட்டம் காத்திருந்தது, எழுதின சீட்டில் ஊத்தப்பம் இருந்ததே தவிர அது யாருக்கு என்பது இல்லை. நாலாம் நாள் ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து, தோளில் கை வைத்து, "கொஞ்ச நாளு டேபிள் தொடைக்கிறத பாத்துக்கய்யா. ஒடம்பு தேறட்டும்" என்றார். நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் எச்சில் இலை எடுத்து, மேஜை துடைக்கிறவனாக ஆனதை நான் வீட்டில் சொல்லவில்லை. தினமும் சப்ளையர் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வலிப்பு வராமல் இருக்க டாக்டர் காலையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். போட்டேனா இல்லையா என்பதே எனக்கு நினைவிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போட்டதை மறந்து மறுபடியும் போட்டு, அதையும் மறந்து மூன்றாவதும் போட்டு, குளியலறை வாசலில் சரிந்தேன். உன் அம்மா அலறினாள். ஆட்டோ வைத்து டாக்டரிடம் கொண்டுபோய், சாயங்காலம் தெளிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். நீ அழவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பேனாவால் தேதி எழுதினாய். அதன் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தாய். "மாத்திரை போட்டதும் இந்த டம்ளரைக் கவுத்து வெச்சுடுப்பா. கவுந்திருந்தா போட்டாச்சு. மறுநாள் காலைல நான் நிமித்தி வெக்கிறேன்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. டம்ளர் எனக்காக ஞாபகம் வைத்துக்கொண்டது. பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு இது எப்படித் தோன்றியது என்று உன் அம்மா ஆச்சரியப்பட்டாள். எனக்கு அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, மழை வரும்போல் இருக்கிறதென்று அம்மா உன்னிடம் குடையைக் கொடுத்து ஹோட்டலுக்கு அனுப்பினாள். நான் கையில் வாளியும் துணியுமாக நின்றேன். நீ வாசலில் நின்று பார்த்தாய். குடையைக் கல்லாவில் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிடாமலே திரும்பிப் போனாய். உன் வயதுப் பெண்ணுக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ கூடத்தில் காத்திருந்தாய். முகத்தில் அவமானம் ஒன்றும் இல்லை. வகுப்பில் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாய்.

"அப்பா, ஆர்டர் சொல்றது உனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"புரியுதா?"

"புரியுது."

"அப்ப எங்க போயித் தொலையுது?"

"சமையல்கட்டுக்குப் போற வழியில."

"அப்ப அத்தத் தூக்கிட்டு ஏன்ப்பா நடக்கற? அவுங்க மேலயே மாட்டி வெச்சுட்டுப் போ" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. பெட்டியிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தாய். எல்லோரும் வரிசையாக நிற்கும் அந்தப் பெரிய படத்தைத் திறந்து, உன் மாமனைக் காட்டி, "மாமா மசால் தோசை கேக்குறாரு. என்னா பண்ணுவ?" என்றாய். மசால் தோசை என்று மனதில் வைத்துக்கொள்வேன் என்றேன். "மனசுல வெக்காத. மாமா தலைல வெய்யி. முறுகலா, கூம்பா, தொப்பி மாதிரி. உருளைக்கிழங்கு மசாலா வழிஞ்சு நெத்தில வருது. மாமா தொடைக்கிறாரு. பாத்தியா?" பார்த்துவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. "சித்தி மெதுவடை கேக்குறாங்க. ரெண்டு காதுலயும் ரெண்டு வடைய ஜிமிக்கியா தொங்க வுடு. கனம் தாங்காம காது இழுக்குது." அம்மா அடுப்படியிலிருந்து வந்து, தன் தங்கையின் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். கால் மணி நேரம் வேறு கதை பேசிவிட்டு, மாமா என்ன கேட்டார் என்றாய். அவன் நெற்றியிலிருந்து மசாலாவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்படி எழுதினால் மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. முதல் வாரம் இரண்டு பேர்தான் நின்றார்கள். மூன்றாமவர் வந்தால் முதல் ஆள் போய்விடுவார். ஐப்பசியில் நாலு பேர் வரை வந்து, ஒரு நாள் தூக்கம் கெட்டதில் மறுபடியும் பூஜ்யத்துக்குப் போனது. பெற்ற பெண் வாத்தியார், நான் மாணவன் என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம், இரண்டு தடவை கேட்டும் ஒன்றும் வராமல் போனபோது, "இந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் எனக்கு ஆவாது" என்று ஆல்பத்தைத் தூக்கி எறிந்தேன். ஒட்டியிருந்த படங்கள் நாலாபுறமும் சிதறின. நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, தட்டி, பக்கத்தில் அடுக்கினாய். பிறகு உன் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாய். வில் கால் பையனும், கம்பு ஊன்றிய ஆளும், ஏணியில் முட்டும் கோழியும் அதில் இருந்தார்கள். முன்பு இருந்ததைவிட நன்றாக வரைந்திருந்தாய். "நீ கிழிச்சதுக்கப்புறம் எல்லாத்தையும் திரும்ப வரைஞ்சேன்ப்பா. கொஞ்ச நாளாச்சு, அவ்ளோதான். நீயும் திரும்ப ஆரம்பி" என்றாய்.

உன் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகக் குத்தியது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. "சரி, மாமாக்கு என்னா வேணும், கேளு" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. இப்போது கேட்கிறேன், வாணி. கிழித்தது தப்பு. அடித்தது தப்பு. எனக்குப் புரியாத ஒரு வழியில் நீ போனாய் என்பதற்காக அதை வழியே இல்லை என்று நினைத்தது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. வரிசைப்படி அடுக்கிக்கொள்வது எனக்கு வந்தது, படம் போட்டுக்கொள்வது உனக்கு வந்தது. நான் செய்ததும் ஒரு தந்திரம்தானே. அதைத் திறமை என்றும் உன்னுடையதைக் குறுக்கு வழி என்றும் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

தை பிறந்தது. பொங்கல் கழிந்த வாரம், ஒரு நல்ல முகூர்த்த நாள் காலை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், கல்யாணப் பத்திரிகையை நடராஜர் சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பசியோடு உள்ளே நுழைந்தார்கள். பதினேழு பேர். இருந்த மூன்று சப்ளையரில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், இன்னொருவருக்குக் காய்ச்சல். மூன்றாமவர் மற்ற மேஜைகளில் திணறிக்கொண்டிருந்தார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நின்று சுற்றிப் பார்த்தார். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நான் பாக்குறேன் மொதலாளி."

அவர் என்னையே பார்த்தார். "முடியுமாய்யா?"

"முடியும்."

"பேப்பர் எடுத்துக்க."

"வேணாங்க."

சேர்த்துப் போட்ட மேஜைக்குப் போய் நின்றேன். ஆல்பத்தில் இருந்தவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த சொந்தக்காரர்கள். இவர்கள் பதினேழு பேரும் இன்றைக்குத்தான் பார்க்கிற முகங்கள். முதல் ஆள் சிவப்புச் சட்டை, பெண்ணின் தகப்பனார் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மசால் தோசை என்றார். எனக்குப் பழகின தொப்பி. எடுத்து அவர் தலையில் வைத்தேன். அவர் சம்சாரம் நெய்ப் பொங்கல் கேட்டார்கள். அந்த அம்மாளைப் பொங்கல் மேட்டின் மேல் உட்கார வைத்து, நெய் ஆறாக ஓடவிட்டேன். பல் இல்லாத ஒரு பெரியவர் பூரி என்றார். இரண்டு கன்னத்திலும் உப்பின பூரி. ஒருவர் சர்க்கரை இல்லாத காபி என்றார். அவர் டம்ளர் வரைக்கும் ஏறி வந்த ஓர் எறும்பு எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிப் போயிற்று. ஒரு ஆள் ரவா தோசை என்றார், இல்லை வெங்காய ரவா என்றார், கடைசியில் சாதா தோசையே போதும் என்றார். அவர் கழுத்தில் போட்ட வெங்காய மாலையை நான் கழற்ற வேண்டியிருந்தது. பச்சைப் பாவாடை கட்டின ஒரு சின்னப் பெண் சாம்பார் வடை கேட்டாள். அவளைச் சாம்பார் அண்டாவில் வடையைப் பிடித்துக்கொண்டு நீந்தவிட்டேன். ஒரு பாட்டியம்மா, "எழுதிக்கப்பா, மறந்துடுவ" என்றார்கள். "இருக்கட்டும் ஆயா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

அந்தப் பத்து அடியை நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் நடந்த தூரத்திலெல்லாம் பெரிய தூரம். மாஸ்டர் கரண்டியோடு திரும்பினார். கண்ணை ஒரு நிமிஷம் மூடினேன். பதினேழு பேரும் அப்படியே இருந்தார்கள். தொப்பியோடு, கன்னத்தோடு, நெய்யோடு, எறும்போடு. ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். மாஸ்டர் பாதியிலேயே அடுப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். பழைய முறையில், உட்கார்ந்த வரிசைப்படி அடுக்கியிருந்தேன் என்றால், அந்த இடத்தில் நான் தொலைந்திருப்பேன். இப்போது தோசை நாற்காலியில் இல்லை, ஆள் மேல் இருந்தது. ஆள் எங்கே போனாலும் அதுவும் கூடவே போயிற்று. பச்சைப் பாவாடையை மட்டும் காணவில்லை. குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். "இந்தா பாப்பா, சாம்பார் வடை" என்று நீட்டினேன். "யாருக்குப் பொங்கல், யாருக்குப் பூரி" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "எழுதாமயே எப்டிங்க ஞாபகம் வெச்சீங்க" என்று கேட்டார். "ஒங்க தலைமேலதான் சார் இருந்துச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் வாளியை எடுக்கப் போனபோது அதை முதலாளியே எடுத்துக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எத்தினி பேருப்பா?" என்றாய். பதினேழு என்றேன். ஆல்பத்தை எடுத்து, அந்தப் பெரிய படத்தில் விரலை வைத்து எண்ணினாய். "இதுல பதினாலு பேருதான்ப்பா இருக்காங்க" என்றாய். நான் சொல்லிக்கொடுத்ததை நீ தாண்டிவிட்டாய் என்று ஒரு வாத்தியார் சந்தோஷப்படுவது எப்படி இருக்கும் என்று உன் முகத்தில் அன்றைக்குப் பார்த்தேன். அந்த மார்ச்சில் நீ அறிவியலில் தொண்ணூற்று இரண்டு வாங்கினாய். அந்தத் தடவை உன்னைக் காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல நினைத்த புத்தி. உன் படங்களை நம்பு. ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தை மட்டும் ஞாபகத்தை நம்பிக் கொடுக்காதே. எத்தனை நன்றாக நினைவிருந்தாலும் சீட்டைப் படி, மருந்துப் பெயரைப் படி, ஆளின் பெயரைக் கேள். தோசை மாறினால் இன்னொரு தோசை போடலாம். மூன்று மாத்திரை போட்டுக்கொண்டு தரையில் விழுந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். இன்னொன்று. உன் வார்டில் என்னைப் போல ஒருவன் வருவான். சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பான், எரிந்து விழுவான், நீ கொடுத்ததைத் தூக்கி எறிவான். அவன் உன்மேல் கோபப்படவில்லை. தன் தலைக்குள் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காததால் பயந்திருக்கிறான். அவனை என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் கடலூரில் உங்கள் நர்சிங் பள்ளியில் பிரிவு உபசார விழா. லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உன் அம்மாவோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தேன். நீ மேடைப் பக்கம் எதற்கோ ஓடிக்கொண்டிருந்தாய். முதல் வருஷத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி துணிந்து வந்தாள். "அங்கிள், நீங்க வாணி அக்கா அப்பாதானே? ஹோட்டல்ல சப்ளையரு?" ஆமாம்மா என்றேன். "அப்ப அந்தச் சாப்புடற ஆளு ஒங்க ஹோட்டல் ஆளுதானே?" எந்த ஆள் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். "ஒங்ககிட்ட அக்கா சொல்லவே இல்லியா?" என்று மற்றவர்களையும் கூப்பிட்டாள்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி என்றும், அவற்றை வரிசை மாறாமல் சொல்லத் தெரியாமல் வருஷா வருஷம் பெண்கள் அழுவார்கள் என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். பிறகு என் முன்னால் நின்று, விரல் விட்டு, ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். ஒருவர் ஹோட்டலுக்குள் நுழைகிறார், சாம்பார் வாசனை மூக்கில் ஏறுகிறது, ஒன்று. தோசையைக் கண்ணால் பார்க்கிறார், இரண்டு. கண்ணை அகலத் திறக்கிறார், மூன்று. பார்வை கீழே தட்டுக்கு இறங்குகிறது, நாலு. மெல்லுகிறார், ஐந்து. ஓரக்கண்ணால் பக்கத்து ஆள் தட்டைப் பார்க்கிறார், ஆறு. முகம் மலர்கிறது, ஏழு. சப்ளையர் குரல் காதில் விழுகிறது, எட்டு. விழுங்குகிறார், ஒன்பது. வயிற்றுக்குள் இறங்குகிறது, பத்து. இன்னொரு தோசை வேண்டுமா என்றால் தோளைக் குலுக்குகிறார், பதினொன்று. நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார், பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்த நரம்பின் இங்கிலீஷ் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். பெயர்கள் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியும். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொத வருசப் பரீட்சைக்கு அக்கா போட்டது அங்கிள். இப்ப எல்லா செட்டும் இத்தச் சொல்லித்தான் படிக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். அப்போது நீ ஓடி வந்து, விஷயம் புரிந்து, முகம் சிவந்து நின்றாய். "ஒன் வேலையக் கிண்டல் பண்றேன்னு நெனச்சுடுவியோன்னு சொல்லலப்பா" என்றாய். அந்தப் பெண்களைப் பார்த்து, "மறுபடியும் ஒரு தடவ சொல்லுங்கம்மா" என்றேன். இரண்டாம் தடவை ஐந்திலிருந்து நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

மறுநாள் காலை ஹோட்டல் திறந்ததும் முதல் ஆளாக ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். தோசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் நகரவில்லை. கண்ணை அகலத் திறந்தார், குனிந்தார், மென்றார், பக்கத்து மேஜையை ஓரக்கண்ணால் பார்த்தார். "இன்னொன்னு வெக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். வாய் நிறைய இருந்ததால் பேசாமல் தோளைக் குலுக்கினார். பதினொன்று என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், வாணி. ஒரு மனுஷன் சாப்பிடுவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

உன் அப்பா